வண்டி சூடானால் யார் இறங்குவது?

தோழர்களே, இது ஒரு லாரிக்கு ஹீட் மீட்டர் மாட்டிய கதை. சட்டம், தீர்ப்பு, ஆர்ப்பாட்டம் என்று பேசுகிற இடத்தில் பட்டறைக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் லாரி செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி. அது நடுவேலையில் நின்றுவிட்டால் அந்த வேலையை முடிக்க அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறோம்.

நாமக்கல் பக்கம் லாரி என்பது ஊரே அறிந்த தொழில். பாடி கட்டுவது நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிப்பேட்டை என்றால் சங்ககிரி. ஆனால் லாரிக்குச் சொந்தக்காரர்கள் என்று யாரை நினைப்பார்களோ அந்த வரிசையில் எங்கள் அருந்ததியர் தெருக்காரர்கள் வெகுகாலம் வரவில்லை. லாரி கழுவினோம், சுமை ஏற்றினோம், கிளீனராகப் போனோம். மூன்று வருடத்துக்கு முன் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கடன் வாங்கி, பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை எடுத்து, 4,000 லிட்டர் டேங்கும் வேக்கம் பம்பும் வைத்தோம். வாளியும் கயிறுமாக டேங்குக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகள் குழாயைப் பிடித்து மேலே நிற்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

போன வருடம் அக்னி நட்சத்திர நேரம். ஒரு சந்துக்குள் வீடு. லாரி உள்ளே போக இடமில்லாமல், ரேடியேட்டர் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நிறுத்தினோம். பம்பு கியர்பாக்ஸிலிருந்து பி.டி.ஓ. வழியாக ஓடுவது. வண்டி நகராது, ஆனால் இன்ஜின் ஆக்சிலேட்டர் கூட்டி வைத்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். ரோட்டில் போகும் வண்டிக்கு எதிர்காற்று கிடைக்கும். நிற்கும் வண்டிக்கு ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான், அதுவும் சுவரில் மோதித் திரும்பி வருகிற சூட்டுக் காற்று. அரை மணி நேரத்தில் இன்ஜினிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஓட்டுநர் தம்பி ஓடிப் போய்ப் பார்த்தால் டேஷ்போர்டு முள் நடுவில், சாதுவாக நிற்கிறது. இன்ஜினோ கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

டேங்கில் இன்னும் ஓரடி மிச்சம். வீட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களில் மூத்தவரான பெரியப்பாவுக்கு அறுபது. "இன்னும் ஒரு அடிதான இருக்குது. எறங்கி பக்கெட்ல எடுத்துட்டுப் போ. ஆளுக்கு ஐந்நூறு சேத்தித் தர்றேன்" என்றார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. லுங்கியை மடித்துக் கட்டினார்.

அந்த அரை நிமிடத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளை ஆபத்தாக இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடுக்கிறது. 9ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றம் 2014இல் இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதையெல்லாம் நாங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியிருக்கிறோம். அன்றைக்கு அந்தச் சந்தில் சட்டம் வந்து நிற்கவில்லை. ஓட்டுநர் தம்பிதான் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாதியில உட்டுட்டுப் போனா நாளைக்கு எவன்டா கூப்புடுவான்?" என்று பெரியப்பா அவனைத்தான் திட்டினார். வீட்டுக்காரரை அல்ல. இருபது வருடம் இறங்கிப் பழகிய உடம்பு. மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பார், தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டுவார். அழுகிய முட்டை நாற்றம் தெரியாவிட்டால் பயமில்லை என்பது அவர் தலைமுறை கற்ற கணக்கு. உண்மை நேர்மாறானது. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப் போய்விடும். நாற்றம் நின்றது என்று நினைத்து இறங்குகிற நேரம்தான் ஆளைச் சாய்க்கிற நேரம். மீத்தேன் இருந்தால் அந்தத் தீக்குச்சியே வெடிக்க வைத்துவிடும். கருவி கொடுக்காதவர்கள் எங்கள் பெரியவர்களின் மூக்கையே கருவியாக வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள்.

அன்று யாரும் இறங்கவில்லை. கூலியும் வரவில்லை. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் முகம் தேய்த்து, கேஸ்கெட் மாற்ற 38,000 ரூபாய் ஆனது. எங்கள் கடன் காகிதத்தில் வண்டி விலை இருக்கிறது, டேங்க் விலை இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டுக்கு ஒரு வரி கூட இல்லை.

பட்டறை பாய் முதலில் கேட்டது, "மீட்டரைப் பாக்கலியா?" என்றுதான். பார்த்தோம், அது நடுவில் நின்றது என்றோம். அவர் பழைய சென்சார் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முந்தைய சொந்தக்காரர் வேறு ஏதோ வண்டியின் சென்சாரைப் போட்டிருக்கிறார். மீட்டர் ஒரு கணக்கு, சென்சார் ஒரு கணக்கு. அதோடு, வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருக்கிறார். பல பேர் செய்கிற வேலை இது. ஆனால் இந்த மாதிரி இன்ஜினில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவிடும், சூடு குறையாமல் கூடும் என்று பாய் விளக்கினார். புதிய தெர்மோஸ்டாட் போட்டோம். பிறகு, தனியாக ஒரு நல்ல மீட்டர் மாட்டுவது என்று முடிவு செய்தோம்.

அதில் நாங்கள் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறோம், உங்களுக்கு உதவும். முதலில் வாங்கி வந்தது காருக்கான 12 வோல்ட் மீட்டர். எங்கள் வண்டி 24 வோல்ட். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அடுத்து, வீடியோக்களில் பார்த்துவிட்டு ஓட்டுநர் தம்பி எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டரும் வேண்டும் என்றான். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் துளை போட்டு, தெர்மோகப்பிள் சொருகி, புகையின் சூட்டை அளப்பது அது. பாரம் இழுத்துக்கொண்டு மலை ஏறுகிற வண்டியில் பிஸ்டன் உருகாமல் காப்பாற்ற அது தேவைப்படும். "நீங்க நின்ன எடத்துல பம்பு ஓட்டுறீங்க. உங்க வண்டி சாவுறது தண்ணிச் சூட்டுல. அதை அளங்க" என்றார் பாய். என்ன வேலை செய்கிறோம் என்று தெரியாமல் எதை அளப்பது என்று முடிவு செய்ய முடியாது என்பதை அங்கே கற்றோம்.

சென்சார் மாட்டுகிற இடம் அடுத்த பாடம். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அடைத்து வைத்த துளை ஒன்று இருந்தது. அது இல்லாதவர்கள் ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் உலோக இணைப்பு வைத்து அதில் சென்சாரை மாட்டுவார்கள். அப்படி மாட்டினால் இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் எர்த் கிடைக்காது, தனி எர்த் ஒயர் போட வேண்டும். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நினைத்தோம். ஆனால் கசியக் கூடாது என்று சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டோம். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த். டேப் அதை மறைத்துவிட்டதால் முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. கழற்றி, சுத்தம் செய்து, கொஞ்சமாகச் சுற்றி மாட்டியதும் சரியானது.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? பாய் எங்களை நம்பச் சொல்லவில்லை, சோதிக்கச் சொன்னார். மாட்டுவதற்கு முன்பே சென்சாரை மல்டிமீட்டரில் இணைத்து, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தோம். தண்ணீர் சூடேறச் சூடேற ஓம் கணக்கு இறங்கிக்கொண்டே வர வேண்டும், அது அந்தச் சென்சாரின் இயல்பு. பிறகு மீட்டரோடு இணைத்து, சென்சார் உடம்பிலிருந்து பேட்டரிக்கு எர்த் கொடுத்து, கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் முள் 100க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றது. எங்களில் சமூகவியலில் முதுகலை முடித்தவருக்கு மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்திய ஓட்டுநர் தம்பிதான் சொல்லிக் கொடுத்தான். "அக்கா, செவப்பு ஒயர இங்க வைங்க" என்று அவன் சொன்னபோது அவன் குரலில் இருந்த நிமிர்வைப் பார்த்தோம்.

அப்புறம்தான் பெரிய ஓட்டை தெரிந்தது. பம்பு ஓடும்போது கேபினில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் பின்னால் வால்வு அருகே, ஒருவர் குழாயோடு டேங்க் வாயில். டேஷ்போர்டு மீட்டரை யார் பார்ப்பது? லாரி செய்தவர் ஓட்டுகிறவரை நினைத்து மீட்டர் வைத்தார், பின்னால் நிற்கிறவர் அவர் கணக்கில் இல்லை. அதே சென்சாரிலிருந்து இன்னொரு ஒயர் இழுத்துப் பின்னால் ஒரு மீட்டர் வைக்கலாம் என்றோம். ஒரு சென்சாரில் இரண்டு மீட்டர் தொங்கினால் இரண்டுமே பொய் சொல்லும் என்றார் பாய். எனவே தண்ணீர் ஓடும் இன்னொரு துளையில் தனியாக ஒரு ஹீட் சுவிட்ச். சூடு எல்லை மீறினால் சுவிட்ச் மூடும், பின்னால் வால்வுக்கு மேலே மாட்டிய ஹாரன் அலறும். பியூஸ் போட்டு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரி ஒயர் எடுத்தோம்.

கடைசியாக ஒன்று. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சாரின் முனை தண்ணீரில் இருக்காது, வெற்று இடத்தில் தொங்கும். இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும், முள்ளோ இறங்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் ரேடியேட்டரின் மேல் தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்டும் சென்சார் ஒன்றும், அதற்கு வேறு ஒலியில் ஒரு பஸ்ஸரும் வைத்தோம். இரண்டு ஒலிக்கும் பதில் வேறு. ஹாரன் அடித்தால் பி.டி.ஓ.வை விடுவித்து, சுமையில்லாமல் இன்ஜினை மெதுவாக ஓட விட வேண்டும், ஃபேனும் தண்ணீரும் சூட்டை வெளியேற்றும். பஸ்ஸர் அடித்தால் தண்ணீரே இல்லை என்று பொருள், இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். எதற்கும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது. எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. கூலி வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார்.

வெற்றிடத்தில் தொங்கும் சென்சாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அன்றைக்கே எங்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 2021இல் ஒன்றிய அமைச்சர் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றார். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் சாகிறவர்கள் 'ஆபத்தான சுத்தப்படுத்தல்' என்ற வேறு கணக்கில் வருவார்கள். இந்த ஏட்டில் சாவு இல்லை, அந்த ஏட்டில் சாவு உண்டு. எங்கள் தெருவில் இரண்டும் ஒரே ஒப்பாரிதான். அளக்கிற முனையைத் தண்ணீரில் வைக்காமல் வெளியே வைத்துக்கொண்டு, முள் ஏறவில்லை என்று சொன்னால் எப்படி? கணக்கெடுப்பு என்று ஊருக்குள் யார் வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே வைத்து அளக்கிறீர்கள் என்பதுதான்.

மீட்டர் மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த மாதமே ஒரு நாள் ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தம்பி காதில் வாங்கவில்லை. கேட்டதற்கு, "இன்னும் அஞ்சு நிமிசந்தானுங்கண்ணா, முடிச்சுரலாம்னு பாத்தேன். அந்த ஊட்டுக்காரரு கத்துவாரு" என்றான். எங்களுக்குச் சுருக்கென்றது. சூட்டைச் சொல்ல மீட்டர் வந்துவிட்டது. நிறுத்துகிற அதிகாரம் அவனுக்கு வரவில்லை. அவனுக்கு யாரும் அதைக் கொடுக்கவும் இல்லை, நாங்கள் உட்பட. தினம் எத்தனை நடை, எவ்வளவு வசூல் என்று மாலையில் கேட்பவர்கள் நாங்கள்தானே!

அன்று இரவு ஐந்து குடும்பமும் உட்கார்ந்து பேசியது. பெண்கள்தான் விடாமல் பேசினார்கள். டேங்குக்குப் போன கணவன் திரும்பி வரும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஹாரன் அடித்தால் வேலை நிற்கும், நிறுத்த யாரையும் கேட்க வேண்டாம். வண்டி பழுதானால் மீதி வேலைக்கு வேறு லாரியைத்தான் கூப்பிடுவோம், ஆளை இறக்க மாட்டோம். நிறுத்தியதால் கூலி போனால் அந்த இழப்பு ஐந்து பங்காகும், நிறுத்தியவர் தலையில் விழாது. மூன்றாவது விதி இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது என்று ஒரு சித்திதான் சொன்னார்.

நாலு கேஸ் காட்டுகிற வாயு மானியையும் அப்போதுதான் பேசினோம். சட்டத்தின் கீழ் வந்த 2013 விதிகளில் தொழிலாளிக்குத் தர வேண்டிய கருவிப் பட்டியலிலேயே அது இருக்கிறது. எங்கள் லாரியின் இன்ஜினுக்கு மூன்று காவல் வைத்த பிறகுதான், மூடி திறக்கிறவரின் மூக்கு இன்னும் வெறும் மூக்காகவே இருக்கிறது என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. சேமித்து வாங்கினோம். உள்ளே இறங்குவதற்காக வாங்கவில்லை, இறங்கமாட்டோம் என்று எழுதிவிட்டோமே. மூடியைத் திறந்துவிட்டு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

இந்த வருடம் வைகாசியில், ஒரு கல்யாண மண்டபத்தில் மறுபடி ஹாரன் அடித்தது. மாலை வரவேற்பு, மேலாளர் பதறுகிறார். ஓட்டுநர் தம்பி பி.டி.ஓ.வை விடுவித்தான். மேலாளர் பெரியப்பாவிடம் வந்து, "நேரமாச்சு, ஏதாச்சும் பண்ணு" என்றார். பெரியப்பா லாரிப் படியில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "மீட்டரு சொல்லுதுங்க. ஆறட்டும்" என்றார்.

இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் ஒரு மண்டபமே எங்களுக்காகக் காத்திருந்தது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு காத்திருப்பு அதற்கு முன் நடந்ததில்லை. முள் இறங்கியது, வேலை முடிந்தது, பணமும் வந்தது. அந்த மண்டபம் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். நிறுத்தாத லாரிகள் ஊரில் இருக்கின்றன. அந்த லாரிகளிலும் நம் ஆட்கள்தான் இருக்கிறார்கள். ஒரு லாரியில் எழுதிய விதி எல்லா லாரிக்கும் வராத வரை, எங்கள் விதி எங்களுக்கு நட்டத்தைத்தான் தரும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023இல் ஒன்றிய அரசு 'நமஸ்தே' திட்டத்தைத் தொடங்கியது, இயந்திரமயம் என்கிறது. இயந்திரம் வரட்டும், வரவேற்போம். உங்கள் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போய் எத்தனை இயந்திரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதில் எத்தனை இன்று ஓடுகிறது, பழுது பார்க்கப் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கியிருக்கிறது, நடுவேலையில் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா, வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள். வாயால் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.

ஓட்டுநர் தம்பி இப்போது பக்கத்து ஊர் லாரி ஒன்றுக்கு ஹாரன் மாட்டிக் கொடுக்கிறான். டேப்பை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது என்று அங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறான்.

ஜெய்பீம்.